மூடுபனிக்குள் கூப்பிட்ட பெயர்

மீடியா கிட் தயாரிப்பதைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று பயண வலைப்பதிவு எழுதுகிற நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எந்த எழுத்துரு, எந்த நிறம், படத்தை எங்கே வைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பதிவு எழுதுவதை நிறுத்தியே கொஞ்ச காலம் ஆகிவிட்டது. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதிகம் பேரிடம் சொன்னதில்லை. கேட்டவர்களும் சொல்லி முடிப்பதற்குள் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

தொழிலுக்கு இன்றைக்குத்தான் வந்தவர்கள் இருந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. மீடியா கிட் என்பது நம்மைப் பற்றி நாமே தயாரித்துக்கொள்ளும் சில பக்க அறிமுகம். நாம் யார், என்ன எழுதுகிறோம், யார் படிக்கிறார்கள், என்ன மாதிரி வேலை செய்து கொடுப்போம் என்றெல்லாம் போட்டு விடுதிக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் அனுப்புவோம். நேரில் பார்க்காதவர்கள் அதைப் பார்த்துத்தான் நம்மைக் கூப்பிட்டு, காசு வாங்காமல் தங்க வைத்து எழுதச் சொல்வார்கள்.

என் பெயர் விமலா, வலைப்பதிவின் பெயர் ‘ஒத்தையடி’. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். பழனி மலையில் பஸ் போகாத பாதைகளில் தனியாக நடப்பேன், வந்து எழுதுவேன். பள்ளிக்கூடத்தில் யார் கண்ணிலும் பட வேண்டாமே என்று முகம் தெரியாமல் படம் போட்டேன். சிவப்பு மழைக்கோட்டு போட்டு, அதன் தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டு, முதுகைக் காட்டி, எதிரே பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கிற படம். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வந்த பிறகும் அதை மாற்றவில்லை. வாசகர்களுக்கு அது பிடித்துப்போயிருந்தது. முகத்தைக் காட்டிவிடாதீர்கள் அக்கா, இப்படியே இருங்கள் என்று எழுதுவார்கள்.

மீடியா கிட்டின் முதல் பக்கத்திலும் அந்தப் படத்தைத்தான் வைத்தேன். அடுத்த பக்கத்துக்கு ‘நான்’ என்று தலைப்பு. மேகத்துக்குள் தனியாக நடக்கிறவள், அதிகம் பேசாதவள், சொல்லாமல் வருகிறவள், சொல்லாமல் போகிறவள் என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. மதுரை, கோயம்புத்தூர் என்று பல ஊர்களுக்கு அனுப்பினேன். வேலையும் வந்தது. அனுப்பிய பிறகு அது எங்கே போகிறது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறுகிறது என்று நமக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

முதலில் பாச்சலூரிலிருந்து ஒரு போன் வந்தது.

"அக்கா, நீங்க விட்டுட்டுப் போன ஸ்வெட்டரு இங்கயே கெடக்கு. கொடைக்கானல் வர்ற பஸ்ல குடுத்து விட்டிருக்கேன். ஸ்டாண்டுல வாங்கிக்கங்க."

"யாருங்க பேசுறது?"

"பெருமாளுக்கா. காப்பித் தோட்டத்து வீட்டுல தங்குனீங்கள்ல. இனிமே சீசனுக்கு வந்தாலும் நம்ம வீட்டுக்கே வாங்க."

நான் பாச்சலூர் பக்கம் போய் வருஷக்கணக்கில் ஆகிறது என்றேன். அவர் சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். "அங்க வந்தப்போ நான் பாக்க எப்படி இருந்தேன்?" என்று கேட்டுவிட்டேன்.



"என்னக்கா கேள்வி இது? உங்கள மாதிரித்தான் இருந்தீங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கண்டக்டர் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். விறகுப் புகை வாசம், தேங்காய் எண்ணெய் வாசம். யாரோ நாள்பட உடுத்தியது. முழங்கை இரண்டும் தேய்ந்திருந்தன. போட்டுப் பார்த்தேன். எனக்கென்று அளவெடுத்துப் பின்னியது போல இருந்தது. உடனே கழற்றி நாற்காலியில் போட்டேன். அன்றைக்கு முழுக்க அந்த நாற்காலியில் உட்காரவில்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோதும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

அப்புறம் ஒரு வாசகி எழுதினாள். மன்னவனூர் ரோட்டில் உங்களைப் பார்த்தேன், காரிலிருந்து கை காட்டினேன், நீங்களும் காட்டினீர்கள், இறங்கிப் பேசுவதற்குள் மேகம் மூடிவிட்டது, ரொம்பச் சந்தோஷம் என்று. அன்றைக்கு நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மேகம் அடைத்து நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? எதுவும் களவு போகவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. என்னைப் போல ஒருத்தி நடக்கிறாள் என்று போலீஸ் ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுக்க முடியுமா? நடக்கப் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனாலும், திருப்பங்களில் கொஞ்சம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

ஐப்பசி மழை. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அக்கா! அப்பாடி, எடுத்துட்டீங்க. எங்கக்கா இருக்கீங்க?" ஒரு வாலிபக் குரல். மூச்சு வாங்கியது.

"வீட்டுலதான் இருக்கேன். நீங்க யாரு?"

"செல்வம்க்கா. வட்டக்கானல் கெஸ்ட் ஹவுஸ். எந்த வீட்டுல இருக்கீங்க? இங்க வரலையே நீங்க? வெள்ளனே கெளம்பிப் போனவங்க, சாப்பாட்டுக்கும் வரலைன்னதும் பயந்துட்டோம். உங்க வாட்ஸப் நம்பர் போகவே மாட்டேங்குது. நீங்க அனுப்புன மீடியா கிட்டுல இந்த நம்பர் இருந்துச்சு, சும்மா போட்டுப் பாத்தேன். எல்லாரும் காட்டுக்குள்ள உங்களத்தான் தேடிக்கிட்டிருக்காங்க."

நான் காட்டுக்குள் காணாமல் போயிருக்கிறேன். என் வீட்டு அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கிறது.

"சரிக்கா, பத்திரமா இருக்கீங்கல்ல, அது போதும். ஆளுகள மேல வரச் சொல்லிருறேன். மேகம் வேற எறங்கிருச்சு" என்று அவர் போனை வைக்கப் போனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யார் இவள், என் பெயரில் எத்தனை வீட்டில் தங்கியிருக்கிறாள், என் பெயர் என்ன ஆவது என்றெல்லாம் ஓடியது. அப்போது நான் வாயைத் திறந்து, நான்தான் உண்மையான விமலா, வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன், அவள் ஏமாற்றுக்காரி என்று சொல்லியிருந்தால் அத்தனையும் உண்மை. ஆனால் அந்த உண்மையைக் கேட்டதும் தேடுகிறவர்கள் மேலே ஏறி வந்துவிடுவார்கள். கீழே ஒருத்தி கிடப்பாள். அவளுக்கு அந்த மலையில் வேறு பெயர்கூடக் கிடையாது.

"வைக்காதீங்க!" என்று கத்தினேன். "நான் அவங்க இல்ல. தேடுறதை நிறுத்தாதீங்க!"

"அக்கா? கேக்கல... அக்கா?"

லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன். வட்டக்கானலில் மேகம் இறங்கினால் சிக்னல் எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும்.

ஜீப் ஓட்டுகிற பாண்டியைக் கூப்பிட்டேன். என்னை எத்தனையோ மலைக்கு ஏற்றிக்கொண்டு போனவர். "வெரசா வாங்க பாண்டி" என்றதும் வந்துவிட்டார். கொட்டுகிற மழையில் ஆணியில் தொங்கிய கோட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடி ஏறினேன். என்னிடம் இருந்தது அந்தச் சிவப்புக் கோட்டு ஒன்றுதான். எதைப் போட்டுக்கொண்டு போகிறேன் என்று அப்போது தோன்றவேயில்லை.

வட்டக்கானலில் ஜீப் நின்ற இடத்திலிருந்து கெஸ்ட் ஹவுசுக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். மேகம் அப்படியே தரையில் கிடந்தது. பாண்டி வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார். நான் முன்னால் நடந்தேன். எதிரே மங்கலாக ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியது. சட்டென்று நின்றது.

"வந்துட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். "ஏலே, ஆளு வந்துருச்சு! செவப்புக் கோட்டு! எல்லாரையும் மேல வரச் சொல்லு!"

விசில் அடித்தார்கள். கீழே பள்ளத்திலிருந்து இன்னொரு விசில் பதில் சொன்னது. அதற்கும் கீழேயிருந்து மெல்லிசாக ஒன்று. போன் பாதியில் அறுந்ததால் அதுவரை யாரையும் கூப்பிடாமல் இருந்திருக்கிறார்கள்; இது தேடப் போனவர்களை மேலே கூப்பிடுகிற விசில்.

நான் "இல்லை, இல்லை" என்றேன். யார் கேட்கிறார்கள்? ஒரு பெண் ஓடி வந்து கம்பளியைப் போர்த்தினாள். இன்னொருவர் கையில் டீயைத் திணித்தார். "குளுருல பேச்சு வரல பாவம், உக்கார வைங்க" என்றார்கள். அத்தனை பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். என்னைச் சுற்றி நின்ற முகங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. காலையிலிருந்து நான்தான் அந்தக் காட்டுக்குள் கிடந்தேனோ, வீடும் அடுப்பும் பாலும்தான் நானாக நினைத்துக்கொண்டதோ என்று ஒரு கணம் தோன்றியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வாலிபர் வந்தார். செல்வம். மதுரைக்காரர். இந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்து அதிக நாள் ஆகவில்லை, என்னைப் பார்த்ததே கிடையாது. ஆனால் அவளை நாலைந்து நாளாகப் பார்த்திருக்கிறார். டார்ச்சை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். இரண்டடி பின்னால் போனார்.

"இவங்க இல்ல" என்றார்.

பாண்டி வந்து சேர்ந்தார். "யோவ், இவங்கதான்யா விமலா அக்கா. ஒத்தையடி அக்கா. எனக்குத் தெரியாதா?"

"அப்ப எங்க வீட்டுல தங்கியிருந்தது யாரு?"

மழை ஓய்ந்து மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. தேடப் போனவர்கள் ஒவ்வொருவராக மேகத்துக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஜோசப் என்று ஒருவர், கைடு வேலை பார்க்கிறவர். இடுப்பு வரைக்கும் சேறு. காலையிலிருந்து சாப்பிடாமல் அலைந்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இது யூடியூப்காரங்க சோலிதான். ரெண்டு பேரும் ஒரே கோட்டு. ஒருத்தி காணாமப் போறது, ஒருத்தி வந்து நிக்கிறது. எங்கயாச்சும் கேமரா வச்சிருப்பாங்க, நாம திரியிறதப் படம் பிடிச்சுப் போடுவாங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

மற்றவர்களும் முகத்தைத் திருப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் தொழிலில் இருக்கிறவர்கள் அப்படியெல்லாம் செய்து பழக்கியிருக்கிறோம். நான் யார் என்று நிரூபிக்கப் போனால் பொழுது சாய்ந்துவிடும். நிரூபித்தாலும் என்ன? ஆள்தான் பத்திரமாக நிற்கிறதே என்று போய்விடுவார்கள்.

"ஜோசப்பண்ணே, நான் யாருங்கிறதை நாளைக்குப் பேசிக்கலாம்" என்றேன். செல்வத்தின் பக்கம் திரும்பினேன். "காலைல உங்க வாசல்ல இருந்து ஒரு பொம்பளை எறங்கிப் போனாளா, இல்லையா?"

"போனாங்க."

"திரும்பி வந்தாளா?"

"வரலை."

"அப்ப வாங்க."

சிவப்புக் கோட்டைக் கழற்றிப் பாண்டியிடம் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினால், மேகத்துக்குள் தூரத்தில் பார்க்கிறவர்கள் தேடுகிற ஆளைக் கண்டுவிட்டதாக மறுபடியும் விசில் அடிப்பார்கள். போர்த்திய கம்பளியோடு நடந்தேன். கொஞ்சம் போன பிறகு பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. செல்வம். அவருக்குப் பின்னால், முணுமுணுத்துக்கொண்டே, கயிற்றுச் சுருளோடு ஜோசப்.

டால்பின் நோஸ் பாறைக்குப் போகிற பாதையில் பாதி தூரம் இறங்கி, வெள்ளகவி கிராமத்துப் பக்கம் பிரிகிற இடத்தில் நின்றோம். வேர்கள் படிக்கட்டு மாதிரி கிடக்கும். ஒரு பக்கம் சோலைக்காடு, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. மேகம் இருந்ததால் அந்த ஒன்றுமில்லாததும் தெரியவில்லை.

"இதுவரைக்கும் என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"மேடம், மேடம்னுதான்" என்றார் செல்வம்.

இந்த மலையில் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாருமே மேடம்தான். "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன்.

"எந்தப் பேர?"

"அவ உங்ககிட்ட என்ன பேரு சொன்னாளோ, அந்தப் பேர. நமக்கு வேற பேரு தெரியாதே."

ஜோசப் தலையை ஆட்டினார். "நான் மாட்டேன். கண்ணு முன்னால உசுரோட நிக்கிற ஆளு பேர மேகத்துக்குள்ள எப்படிக் கூப்பிடுறது? அது சரியில்ல."

செல்வமும் தயங்கினார். அதனால் நானே கூப்பிட்டேன்.

"விமலா!"

பிறந்ததிலிருந்து மற்றவர்கள் கூப்பிட்டுத்தான் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். நானே அதை இவ்வளவு சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பள்ளத்தாக்கு வாங்கி, கொஞ்சம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்தது. "...மலா." காத்திருந்தோம். இன்னும் கொஞ்சம் இறங்கி மறுபடியும் கூப்பிட்டேன். எதிரொலி வந்தது. அது அடங்கிய பிறகு, எதிரொலி வராத ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"இருக்கேன்... இங்கதான் இருக்கேன்."

ஜோசப் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். நம் குரலை ரெக்கார்டரில் கேட்கும்போது ஒரு கூச்சம் வரும் அல்லவா, நம்முடையதுதான், ஆனால் நாம் இல்லை என்று? எனக்கு அதுதான் வந்தது. தொடர்ந்து கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட அந்தக் குரல் பதில் சொல்லிக்கொண்டேயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனோம்.

பாதையை விட்டுச் சரிவில் வழுக்கி, ஒரு மரத்து வேரில் சிக்கி உட்கார்ந்திருந்தாள். சிவப்புக் கோட்டு. முதுகு எங்கள் பக்கம். முகம் பள்ளத்தாக்கின் பக்கம். என் கிட்டின் முதல் பக்கத்தை யாரோ ஈரத்தில் போட்டு வைத்த மாதிரி இருந்தது. ஜோசப் கயிற்றை மரத்தில் கட்ட, நான் உட்கார்ந்தவாக்கில் நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் போனேன்.

திரும்பினாள். என் ஜாடை கொஞ்சமும் இல்லை. என்னைவிட ரொம்ப இளையவள், முப்பது வயது இருக்கலாம். குளிரில் உதடு நீலமாகியிருந்தது. ஒரு கால் திரும்பிக் கிடந்தது. ஒரு கையால் வேரைப் பிடித்திருந்தாள்.

"நீங்க யாரு?" என்றாள்.

பின்னால் செல்வம் "ஏங்க, இவங்கதான்—" என்று ஆரம்பித்தார். கையை உயர்த்தி நிறுத்தினேன். அவள் கை அந்த வேரில் இருந்தது. வேருக்கு அந்தப் பக்கம் வெறும் மேகம். அந்த இடத்தில் வைத்து, நான்தான் விமலா என்று அவளிடம் சொன்னால் என்ன ஆகும்? வெட்கத்தில் பின்னால் நகர்ந்தால் போதும்.

"செல்வத்துக்கு நான் அக்கா முறை. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். "கையைக் குடு, விமலா."

கொடுத்தாள். என் பெயரை அவளிடம் விட்டுவிட்டு அந்தச் சரிவிலிருந்து ஏறினேன்.

ஜீப்பில் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாண்டி கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவள் பேசிக்கொண்டே வந்தாள். காய்ச்சல் கண்டிருந்தது.

"மேகம் வர்றப்போ மொதல்ல சத்தம்தான் போகும், கவனிச்சிருக்கீங்களா? மரமெல்லாம் அப்புறம்தான் போகும். குருவி பக்கத்துலதான் இருக்கும், ஆனா தூரத்துல கத்துற மாதிரி இருக்கும். அப்பவே திரும்பிரணும். நான் திரும்பல. அதைப் பத்தி எழுதணும்."

எத்தனையோ வருஷம் அந்த மலையில் நடந்திருக்கிறேன். நான் அதை எழுதியதில்லை. கவனித்ததே இல்லை. ஆனால் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன், இதே வரிசையில், குருவியைக்கூட இதே இடத்தில் வைத்து. ஜீப் வளைவில் திரும்பும்போதெல்லாம் அவள் தலை என் மேல் அழுந்தியது. கனமாக இருந்தது. அதற்காகவே நன்றி சொல்லிக்கொண்டேன். கனம் இருந்தால் ஆள்தானே.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேப்பரை எடுத்தார். "பேரு?"

"விமலா" என்றாள்.

"வயசு?"

என் வயதைச் சொன்னாள். தயங்காமல் சொன்னாள். நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவளையும் என்னையும் பார்த்தார். செல்வம் என் காதருகே, "அக்கா, இப்பவாவது சொல்லிருங்க" என்றார். இனி அவள் விழுவதற்கு இடமில்லை. கட்டிலில்தான் இருக்கிறாள். சொல்லலாம். ஆனால் "நீ விமலா இல்லை" என்று சொல்லிவிட்டால் அவள் கையில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து ஈர முடியை ஒதுக்கிவிட்டேன். "வீட்டுல உன்னை எப்படிம்மா கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, நின்றது, மறுபடியும் அசைந்தது. அப்புறம் ஒரு சின்னப் பெயரைச் சொன்னாள். குழந்தையில் கூப்பிடுகிற செல்லப் பெயர். சொல்லி முடித்ததும் அழ ஆரம்பித்தாள். விடியும்வரை விட்டு விட்டு அழுதாள் என்று நர்ஸ் மறுநாள் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

மறுநாள் காலையில் போய் நான் யார் என்று சொன்னேன். அவள் பெரிதாக அதிரவில்லை. "ஜீப்புல வர்றப்பவே தெரிஞ்சிருச்சு" என்றாள். விடுதிகளுக்கு எழுத்தாளர்களைப் பிடித்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில், வருகிற மீடியா கிட்டுகளைப் படித்துத் தரம் பிரிப்பது அவள் வேலையாக இருந்ததாம். நாளெல்லாம் மற்றவர்களின் ‘நான்’ பக்கங்களையே படித்திருக்கிறாள். சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் பேச ஆள் இல்லை. ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவுமில்லை.

"எத்தனையோ பேரு கிட்டு பாத்திருக்கேன் மேடம். எல்லாத்துலயும் யாராச்சும் இருப்பாங்க. பல்லக் காட்டிக்கிட்டு, பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, இப்படி. உங்களதுல மட்டும் ஆளே இல்ல. எடம் காலியா இருந்துச்சு. உள்ள போய் நின்னு பாத்தேன். பொருத்தமா இருந்துச்சு."

நாற்காலியில் கிடந்த அவளுடைய சிவப்புக் கோட்டை மடித்துத் தலைமாட்டில் வைத்தேன்.

செல்வம் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நின்றார். அவருக்கு அந்த உரிமை இருந்தது. தகவல் சொன்னதும் கரூரிலிருந்து அவள் அண்ணன் வந்தார். தங்கை எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் அலைந்த மனுஷன். செல்வத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு செல்வம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "நடக்கணும்னா நட, எழுதணும்னா எழுது. உன் பேருல எழுது." தலையாட்டினாள். கால் கட்டோடு அண்ணன் தூக்கிக் காரில் உட்கார வைத்தார். போகும்போது முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த மாதிரிப் போன்களும் வரவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கிட்டில் உங்கள் முகத்தைப் போடுங்கள். கிட் கிடைக்கிற ஒவ்வொருவரும் வருவது நீங்கள்தானா என்று சரிபார்த்துக்கொள்ள ஒரு வழியைப் போடுங்கள், யாருக்கு அனுப்பினோம் என்று நினைவில் வையுங்கள். இதெல்லாம் எளிது, ஒரு சாயங்காலத்தில் செய்துவிடலாம். இன்னொன்று இருக்கிறது, அது அவ்வளவு எளிதில்லை. அனுப்புவதற்கு முன்னால் உங்கள் ‘நான்’ பக்கத்தை, உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், யாரைப் பற்றியது என்று சொல்லாமல் வாசித்துக் காட்டுங்கள்.

நான் செய்தேன். பூம்பாறையில் என் சொந்த அக்கா இருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான் எழுதுகிறேன் என்று தெரியும், ஆனால் எதையும் படித்ததில்லை. பழைய கிட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து பூண்டுகளின் காய்ந்த தாளை நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். மேகத்துக்குள் தனியாக நடக்கிறவள், அதிகம் பேசாதவள், சொல்லாமல் வருகிறவள், சொல்லாமல் போகிறவள்.

அக்கா கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருடி அந்தப் பிள்ள?" என்றாள். "அதுக்கு ஆளுக யாரும் இல்லையா?"

நான் கிட்டை மூடி மடியில் வைத்தேன்.

"பாவம். தெரிஞ்ச பிள்ளைன்னா இங்க கூட்டிட்டு வா. ரெண்டு நாளைக்கு இருந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த பூண்டை எடுத்தாள்.